கல்யாணக் கதையும் ஐஸ் குச்சியும்

மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் வேலை. தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போவேன். காலை ஷிப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் பேச வேண்டும். நான் பேசுவேன், அவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

என் தலைவலி ஓர் ஐஸ் குச்சி. எங்கள் பழைய பிரஸ் மெஷின்களில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அப்படி. ஆனால் ஒரு பட்டனில் ஐஸ் குச்சியைச் செருகி அமுக்கி வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம், வேலையும் மளமளவென்று நடக்கும். நசுங்கிய கைகளின் படங்களைப் போட்டுக் காட்டினேன். "இன்னா மேடம், இப்பதான் டிபன் துன்ட்டு வந்துகீறோம்" என்றார்கள். குச்சிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஒருநாள், மெஷினில் அச்சு மாட்டும் அண்ணன் தானாகவே முன்னால் வந்தார். வலது கையில் இரண்டு விரல் இல்லாதவர். அதிகம் பேசமாட்டார். "என் கல்யாணத்துல இன்னா ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். பிரஸ்ஸில் விரல் போன பிறகு நடந்த கல்யாணமாம். மேளம் கொட்டுகிறது, அட்சதை விழுகிறது, தாலிக் கயிற்றில் முதல் முடிச்சே விழவில்லை. கயிறு நழுவி நழுவிப் போகிறது. கடைசியில் அவருடைய அக்காதான் மூன்று முடிச்சையும் போட்டாராம். "பொண்ணு தலைய குனிஞ்சிகினே கீது. அழுவுதா சிரிக்குதான்னு இன்னிவரைக்கும் நான் கேட்டதில்ல."

அன்றைக்கு யாரும் கொட்டாவி விடவில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் கல்யாணம் ஆகாதவர்கள். சாயங்காலத்துக்குள் மெஷின்களில் குச்சிகளைக் காணோம். என் படங்களால் ஆகாததை ஒரு மஞ்சள் கயிறு எப்படிச் சாதித்தது? எனக்குப் பொறாமை ஒருபக்கம், குடைச்சல் ஒருபக்கம். எதையும் நோண்டிப் பார்க்காமல் விட்டதாக எனக்குச் சரித்திரம் இல்லை.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் குடும்பத்தோடு வந்தார்கள். பொரியும் சுண்டலுமாக நின்ற அவர் மனைவியிடம் நைசாகப் போய் நின்றேன். "அக்கா, தாலி முடிச்சு விழலைன்னப்போ நீங்க அழுதீங்களா, சிரிச்சீங்களா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா மேடம் நீங்க! மூணு முடிச்சும் அவரே போட்டுட்டாரு. எங்க நாத்தனாரு அதுக்கு இன்னும் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீது. விரல் போனது அப்பால, தீபாவளி வெடியில."

பக்கத்தில் பொரி தின்றுகொண்டிருந்த பிரஸ் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாளைக்குள் விஷயம் எல்லோருக்கும் போய்விடும். குச்சிகளும் திரும்பி வந்துவிடும். நோண்டியது நான்.

அண்ணனை வண்டி நிறுத்தும் இடத்தில் பிடித்தேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கோபமாகத்தான் கேட்டேன்.

"வெடிக் கதைய சொன்னா எவன் மேடம் குச்சிய எடுப்பான்?"

"அவங்க எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? உங்களுக்கு ஏன் அண்ணா இவ்வளவு அக்கறை?"

வண்டியில் செருகிய சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "முன்னாடி வேற கம்பெனியில பிரஸ் ஓட்டிகினு இருந்தேன். ஒருநாள் ஷிப்ட் முடிஞ்சி போறப்ப குச்சிய எடுக்க மறந்துட்டேன். அடுத்த ஷிப்ட்டுக்கு வந்தவன் பாக்கல. தகட்ட நேராக்க ஒரு கைய உள்ள வுட்டான், இன்னொரு கை பட்டன்ல பட்டுது. அவனேதான் குச்சி வெச்சிகினான்னு எழுதிட்டாங்க மேடம். நான் வாயத் தொறக்கல."

மறுநாள் காலை, நான் கூப்பிடாமலே முன்னால் வந்து, கல்யாணக் கதை பொய் என்றார். பிறகு இதைச் சொன்னார். கதை சொல்லும் அழகே அதில் இல்லை. திக்கினார், சொன்னதையே திரும்பச் சொன்னார், நடுவில் தண்ணீர் கேட்டார். முடிந்ததும் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து மேசைமேல் வைத்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன. கல்யாணக் கதையைக் கேட்ட பிறகும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்!

அதோடு விட்டேனா? மதியம் கேன்டீனில் அவரிடம் கேட்டேன்: "கை போனவருக்கு இது தெரியுமா அண்ணா?"

"தெரியாது. வண்டலூர்லதான் கீறான். ஞாயித்துக்கிழம போலாம்னு கீறேன்." தயங்கினார். "எப்படி மேடம் ஆரம்பிக்கறது?"

கதையை எப்படித் தொடங்குவது என்று என்னிடம் ஒரு ஸ்லைடே இருக்கிறது. அதை நினைக்க வெட்கமாக இருந்தது. "நானும் கூட வரட்டுமா?" என்றேன். துணைக்கா, வேடிக்கை பார்க்கவா என்று எனக்கே தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. "வேணாம் மேடம்," என்றார். "அவன் மூஞ்சிய நான் மட்டும் பாத்தா போதும்."