அந்த வரி அப்படியே இருக்கட்டும்

அவளை எல்லோரும் வக்கீலம்மா என்றே கூப்பிட்டார்கள். சட்டம் படித்தவள் இல்லை, பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவள். பாலியல் தொழிலில் இருந்த காலத்தில், கூட இருந்த பெண்களில் யாரையாவது போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், ஸ்டேஷன் வாசலில் போய் நிற்பது அவள்தான். என்ன வழக்கு, பெண் போலீஸ் எங்கே, கைது பண்ணியதை வீட்டுக்குச் சொன்னீர்களா என்று குடைந்தெடுத்து, ஆளை வெளியே கூட்டிவராமல் நகரமாட்டாள். அதில் வந்த பட்டம் அது.

அந்தத் தொழிலுக்கு அவள் வந்ததில் பெரிய கதை ஒன்றும் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, தங்கையை வளர்க்க வேண்டியிருந்தது. தையல் கம்பெனியில் கிடைத்தது வாய்க்கும் கைக்குமே சரியாக இருந்தது. யாரும் அவளைக் கடத்திக்கொண்டு போகவில்லை. விட்டதிலும் கதை இல்லை. நாற்பதைத் தொட்டிருந்த ஒரு நாள், கண்ணாடி முன்னால் பவுடர் டப்பாவைத் திறந்தவளுக்கு அலுப்பு தட்டிவிட்டது. மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். இதைக் கேட்கிறவர்கள் கொஞ்சம் கண்ணீரையும் எதிர்பார்ப்பார்கள். அவளிடம் அது கிடைக்காது.

வேறு வேலை தேட பயோடேட்டா வேண்டும். தங்கை ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவள்தான் லாப்டாப்பை எடுத்துக்கொண்டு அக்காவின் மாடி அறைக்கு வந்தாள். பெயர், வயது வரைக்கும் விரல்கள் வேகமாக ஓடின. முன் அனுபவம் என்ற இடத்தில் நின்றுவிட்டன.

“அழகு நிலையம் வச்சிருந்தேன்னு போட்டுடலாம்க்கா.”

“நான் ஒருத்திக்கும் புருவம் திருத்தினதில்ல. போற இடத்துல எவளாவது மூஞ்சிய நீட்டினா என்ன பண்றது? பாதிப் புருவத்தோட அனுப்பவா?”

தங்கை சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கண் கலங்கிவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்றாவது போடலாமே என்று கெஞ்சினாள்.

“நான் வீட்டுல சும்மா இருந்தா, உன்ன யாருடி படிக்க வச்சது?”

தங்கை லாப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அக்கா சொல்லச் சொல்ல டைப் அடித்தாள். பாலியல் தொழில், சொந்தப் பொறுப்பில். வந்தவர்களுக்கு நேரம் ஒதுக்கியது. குடித்துவிட்டுக் கத்தியவர்களைக் கைகலப்பு இல்லாமல் அடக்கி அனுப்பியது. புதிதாக வந்த பெண்களை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனது. காதில் விழுந்ததை வெளியே விடாதது. கடைசியில், இப்போது அந்தத் தொழிலை விட்டாயிற்று.

முதலில் கூப்பிட்டது ஒரு பேருந்து நிறுவனம். புகார் சொல்ல வருகிறவர்களிடம் பேசும் வேலை. கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த மேலாளர் காகிதத்தைப் படித்து, அந்த இடத்தில் கண்ணை நிறுத்தி, இன்னொரு தரம் படித்தார். வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எப்படி இதில் வந்து மாட்டினீர்கள், எந்த மாதிரி ஆட்கள் வருவார்கள் என்று உச்சுக்கொட்டிக்கொண்டே கேட்டார். அதற்கும் புகார் மேசைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டாள். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

சாயங்காலமே அவரிடமிருந்து போன் வந்தது. குரல் குழைந்தது. வேலை விஷயத்தை வெளியே எங்காவது உட்கார்ந்து தனியாகப் பேசலாமா என்றது.

“விட்டாச்சுன்னு கடைசி வரியில போட்டிருக்கேன் சார். அதுவரைக்கும் நீங்க வரலயா?” என்று கேட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் அதே அலுவலகத்துக்குப் போனாள். டிக்கெட் எடுக்க நின்றவர்களும் மேசைகளில் இருந்தவர்களும் கேட்கும்படி, நேற்று மாலை உங்கள் மேலாளர் எனக்குப் போன் செய்து தனியாக வரச் சொன்னார், அவரிடம் இருக்கும் என் பயோடேட்டாவைத் திருப்பித் தாருங்கள் என்றாள். குரலை உயர்த்தவில்லை. கண்ணாடிக்குள் மனிதர் வெளிறிப்போய் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். மேசையில் இருந்த ஒரு பெண் எழுந்து உள்ளே போய், அதை அவர் கையிலிருந்தே வாங்கி வந்து கொடுத்தாள்.

விஷயம் கேள்விப்பட்ட தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் தன் கணவனிடம், அக்கா பெண்கள் விடுதி நடத்தியதாகச் சொல்லி வைத்திருந்தாள். இப்படி ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தால் தன் குடும்பம் என்னாவது என்று கேட்டாள். மாப்பிள்ளையிடம் நான் வலியப் போய்ச் சொல்லமாட்டேன், ஆனால் அவர் கேட்டால் விடுதிக் கதையும் சொல்லமாட்டேன் என்றாள் வக்கீலம்மா. தங்கை வருவதை நிறுத்திக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாலும் அது வலித்தது. வரியை மட்டும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பல இடங்களிலிருந்து பதிலே இல்லை. கடைசியில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் கூப்பிட்டார்கள். சிறுநீரகம் கெட்டவர்கள் வாரம் தவறாமல் வந்து மணிக்கணக்கில் படுத்திருக்கும் இடம். நோயாளிக்கு எரிச்சல், கூட வருகிறவர்களுக்கு அதைவிட எரிச்சல். வரவேற்பில் யாரும் நிலைப்பதில்லை. மையத்தை நடத்திய டாக்டரம்மா காகிதத்தை முழுதாகப் படித்தார்.

“இத எழுதாமலே விட்டிருக்கலாமே?”

“விட்டிருக்கலாம் டாக்டர். நாளைக்கு யாராவது உங்க காதுல போடுவாங்க. அப்ப நான் திருடி மாதிரி உங்க முன்னால வந்து நிக்கணும். எனக்கு அது பழக்கமில்ல.”

டாக்டர் காகிதத்தை மடித்து மேசை டிராயருக்குள் வைத்தார். பிறகு, வேலை தருகிறேன், இது நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். கேட்காதவர்களிடம் சொல்லித் திரியமாட்டேன், கேட்டவர்களிடம் பொய் சொல்லமாட்டேன், இதற்குச் சம்மதம் என்றால் நாளைக்கே வருகிறேன் என்று இவள் பதிலுக்கு நிபந்தனை போட்டாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் பயோடேட்டாவைப் பார்த்துவிட்ட மையத்தின் கணக்கர் மூலமாக விஷயம் கசிந்தது. டீ நேரத்தில் இவளுக்கு மட்டும் தனி டம்ளர் வந்தது. அதை அப்படியே ஜன்னலோரம் ஒதுக்கிவிட்டு, கணக்கரின் பக்கத்திலேயே உட்கார்ந்து, பொது டம்ளரில் ஊற்றி நிதானமாகக் குடித்தாள். ஒரு வாரம் அவருக்கு டீ இறங்கவில்லை. பிறகு இறங்கியது.

ஒருநாள் மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிவந்த ஒருவர் இவளைப் பார்த்ததும் முகம் மாறினார். நேராக டாக்டரிடம் போய், இப்படிப்பட்டவளை வைத்தா குடும்பப் பெண்கள் வரும் இடத்தை நடத்துகிறீர்கள் என்று குதித்தார். டாக்டர் இவளை உள்ளே கூப்பிட்டார். ஆளை இவளுக்கு நன்றாகவே தெரியும். எத்தனையோ மாலைகள் தெரியும். ஒரு வார்த்தை போதும், மனுஷன் மண்ணாகிப் போவான். வெளியே கட்டிலில் அவன் மனைவி ஊசி குத்திய கையோடு படுத்திருந்தாள்.

“இவரப் பத்தி நான் சொல்றதுக்கு எதுவும் இல்ல டாக்டர்,” என்றாள். “இவருக்கு என்னைத் தெரிஞ்சிருந்தா, எப்படித் தெரியும்னு இவர்தான் சொல்லணும்.”

அவர் சொல்லவில்லை. செருப்பை மாட்டக்கூட நேரமில்லாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார். அதற்குப் பிறகு மனைவியை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்து வருவது வக்கீலம்மாதான்.

அந்த வருஷக் கடைசியில் வேலை நிரந்தரமானது. அதைத் தங்கைக்குப் போனில் சொன்னாள்.  தங்கை, என் வீட்டுக்காரரிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றாள். என்ன சொன்னார் என்று அக்கா கேட்கவில்லை.

தங்கை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். மாப்பிள்ளை இன்னும் படி ஏறவில்லை. கீழே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். வக்கீலம்மா கெஞ்சிக் கூப்பிடுவதும் இல்லை, கதவைச் சாத்துவதும் இல்லை. ஜன்னலைத் திறந்து, நாலு வீடு கேட்க, “மாப்ள, வெயில்ல நிக்காதீங்க, வண்டிய நிழல்ல போடுங்க,” என்பாள். அவர் முகத்தைத் திருப்பியபடியே வண்டியை நிழலுக்குத் தள்ளுவார்.