சகுந்தலா சிஸ்டரிடம் நான் மறைத்த பதினான்கு

செவ்வாய்க்கிழமை காலை ஒரு லாரி ஓட்டுநரின் கழுத்தில் நாடி தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சகுந்தலா சிஸ்டரின் மகள். "அண்ணா, அம்மா போயிட்டாங்க. தலைக்குள்ள ரத்தக்குழா வெடிச்சுருச்சாம்." போனைச் சுவரில் ஓங்கி அடித்தேன். பன்னிரண்டு ஆண்டு அவருடன் வேலை பார்த்தவனுக்கு வேறென்ன வரும்?

தொப்பூர் கணவாய்ச் சாலையோரம் நடக்கும் எங்கள் ரத்த அழுத்தப் பரிசோதனை முகாமில், நர்ஸான அவரிடம் அடி வாங்காதவர்கள் குறைவு. இதைப் படிக்கும் உங்களில் சிலரும் வாங்கியிருப்பீர்கள். நான் முதல் வாரமே வாங்கினேன். ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் மேலே நூற்றெண்பது, கீழே எழுபது. "கீழ நல்லாருக்குதுங்க, பயமில்ல" என்று அனுப்பப் பார்த்தேன். சிஸ்டர் அளவு எழுதிய அட்டையை என் முகத்தில் விசிறி அடித்தார். "ரெண்டுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்தப் பாருடா. வயசானா கொழா வெறச்சுப்போயி மேல ஏறும், கீழ எறங்கும். எறங்குனா நல்லதுன்னு எவன்டா சொன்னான்?"

அந்த விறைப்பை அளக்கத்தான் எங்கள் கருவி. கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடியைப் பிடித்து, துடிப்பு ஓடும் வேகத்தைப் பார்ப்போம். குழாய் விறைக்க விறைக்க வேகம் கூடும். நொடிக்குப் பத்து மீட்டரைத் தாண்டினால் ஆபத்து. பாலக்கோட்டுத் தக்காளி லோடு ஓட்டும் மாதையன், தொடையில் சிஸ்டர் கை பட்டதும் கூச்சத்தில் எட்டி உதைத்துவிட்டார். சிஸ்டரின் முன்பல் பாதி உடைந்தது. ரத்தத்தைத் துப்பினார், மாதையனுக்கு ஓர் அறை விட்டார், அதே இடத்தில் கை வைத்து அளந்தும் முடித்தார். "மோட்டார் போட்டா ரப்பர் ஓஸ் பொடைக்கும், வெறச்ச பைப்பு ஒதைக்கும். உன் கொழா பைப்பாயிருச்சு. மாத்திர போடல, லாரியோட பள்ளத்துல கெடப்ப."

இரண்டு மாதம் முன்பு சிஸ்டரே கட்டிலில் ஏறிப் படுத்தார். "எனக்கும் பாருடா. கெட்ட சேதி சொன்ன, மூஞ்சியப் பேத்துருவேன்." திரையில் பதினான்கு. "ஒம்பதுதாங்க சிஸ்டர்" என்றேன். உடைந்த பல் தெரியச் சிரித்தார். அவர் கோபம் தணிந்த நாளாகப் பார்த்து உண்மையைச் சொல்லலாம் என்றிருந்தேன். அவருக்கு அப்படியொரு நாள் ஏது?

அதியமான்கோட்டையில் அவர் வீட்டு வாசலில் மாதையன் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"எனக்குப் பாத்தாங்களே, அவங்களுக்கு நீங்க பாக்கலீங்களா?"

"பாத்தேன். பதினாலு."

"சொன்னீங்களா?"

"இல்ல. ஒம்பதுன்னு சொல்லிட்டேன்."

கன்னத்தில் விழுந்த அறையில் காது அடைத்தது. ஆட்கள் அவரைப் பிடித்து இழுத்தார்கள். "வுடுங்க, அடிக்கட்டும்" என்றேன்.

கட்டிலில் படுத்த அன்று சிஸ்டர் என்னை மிரட்டியதாக நினைத்தேன். பயந்துபோய்க் கேட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் உறைக்கிறது. பாவி நான்.

அவரிடமிருந்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்: உதை விழுந்தாலும் வேலையை முடிப்பது. மறுநாள் முகாமில் ஒரு பெரியவர், "நல்லதாச் சொல்லுப்பா" என்றபடி படுத்தார். திரையில் பதிமூன்று.

"பதிமூணுங்க. ஆபத்துங்க."

எழுந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவர் பிடியிலேயே நின்று இன்னொரு முறை சொன்னேன்: "பதிமூணுங்க."