தனியே பிறக்கும் விண்மீன்கள்

கத்திரி வெயிலில் ஸ்வெட்டரும் கையுமாக மேற்கு மாம்பலத்தில் பஸ் ஏறுகிறவன் நான் ஒருவன்தான். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அடையாறில் எங்கள் ஆய்வகத்து ஏ.சி. அப்படி! வெளியே தார் இளகுகிறது, உள்ளே எனக்குப் பல் கிடுகிடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் குளிருக்கு உடுப்பு வாங்கியதாக எனக்கு நினைவே இல்லை.

நான் பார்ப்பதும் வெப்பத்தைத்தான். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் அகச்சிவப்புப் படங்களில் குட்டி விண்மீன் மண்டலங்களைத் தேடுகிறேன். ஹீலியத்தைவிடக் கனமான எல்லாமே எங்கள் துறையில் உலோகம், ஆக்சிஜன்கூட. அது மிகக் குறைந்த மண்டலங்கள் இவை. பெரும்பாலும் கூட்டத்தை விட்டு எங்கோ ஒதுங்கிக் கிடக்கும். இருக்கிற கொஞ்சத் தூசிக்குள் புது விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும். சாதாரண ஒளியில் தெரியாது, அகச்சிவப்பில் தெரியும். போன மாதம் அப்படியொன்றைக் கண்டேன். ஞாயிற்றுக்கிழமை, ஆய்வகத்தில் ஈ காக்கை இல்லை. சொல்ல ஆளில்லாத சந்தோஷம் பெரிய தண்டனை.

என் மனைவி சாந்தினி அப்போது ஊரில், தாய் வீட்டில், நிறைமாதம். நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். விசா நீட்டிக்கக் கொடுத்த கடவுச்சீட்டு இன்னும் திரும்பவில்லை. "வந்துரும் சார்" என்கிறார்கள், எந்த மேசையில் கேட்டாலும். அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் ஒரு பட்டாளமாக நின்றோம். சுடுதண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு அத்தானுக்குப் பின்னால் ஓடியது நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்திலிருந்து நேரே ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போனேன். எனக்கு வழக்கமாக மீன் தரும் கஸ்தூரி அக்கா அங்கே இருப்பார். என் பேச்சை வைத்து என்னைக் கேரளாக்காரன் என்றே இன்றுவரை நினைத்திருப்பவர்.

"இன்னா சார், ஸ்வெட்டரு? ஊட்டிக்குப் போறியா?"

"இல்லையக்கா. தூரத்தில ஒரு இடத்தில புது நட்சத்திரங்கள் பிறக்கிறதைக் கண்டுபிடிச்சனான். சுத்திவர ஒண்டுமில்லை, தன்னந்தனிய."

சங்கரா மீனுக்குச் செதில் சீவிய கை நின்றது. "அடப்பாவமே! பக்கத்துல ஒருத்தரும் இல்லாமயா பொறக்குது?"

"அது நட்சத்திரமக்கா."

"இன்னாவா இருந்தா இன்னா சார். பொறக்குதுல்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வியர்வை என்று சொல்லி ஸ்வெட்டரால் முகத்தைத் துடைத்தேன்.

அந்த வாரமே மகள் பிறந்தாள். கடவுச்சீட்டு வரவில்லை. அவளை முதன்முதலில் கைபேசித் திரையில்தான் பார்த்தேன். சாந்தினி கைபேசியைப் பிள்ளையின் காதருகே கொண்டுபோய், "அப்பா கதைக்கப் போறார், கேளுங்கோ குஞ்சு" என்றாள். என்ன சொல்வதென்று நாட்கணக்கில் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"இன்னா கண்ணு, நல்லா கீறியா?"

அந்தப் பக்கம் மாமி சாந்தினியைக் கேட்பது காதில் விழுந்தது.

"ஆரது பிள்ளை, கதைக்கிறது?"