கேண்டிடேட் பி அண்ணன்

பல்கலைக்கழகத்துக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் வேலையில், தேர்வு எழுதுகிறவர்களை விடச் சொல்லிக்கொடுக்கிறவருக்குத்தான் சீக்கிரம் ரத்தக்கொதிப்பு வரும். வீட்டில் ஒரே ஒரு பிள்ளையை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்து மூச்சு வாங்கியவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். நான் சனிக்கிழமைதோறும் லோபாக்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போவேன். கோயில் மண்டபம்தான் வகுப்பறை. ஏழு பிள்ளைகள்.

அம்மாவின் ஒப்பந்தம்

முதல் நாளே புனிதா அம்மாவோடு வந்தாள். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்தவள். ஆசிரியர் பட்டப்படிப்புக்கு இந்தத் தேர்வில் நான்காம் பேண்ட் தரம் வேண்டும். போன தடவை வாங்கியது இரண்டு. எழுத்தில் குறை சொல்ல முடியாது, பேச்சில்தான் வாய் பூட்டிக்கொள்ளும். அம்மா செல்வி தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். வேலை முடிந்து பூட்ஸைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றதற்கு மண் ஒட்டும் என்று மறுத்துவிட்டார். வந்த விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொன்னார்.

"இந்தத் தடவ கெடைக்கலன்னா சிரம்பான் ஃபேக்டரில வேலைக்குப் பேசி வச்சிருக்கேன்லா. நீங்க நல்லா படிச்சிக் குடுங்க டீச்சர், நான் சாமிய நல்லா கும்புட்டுக்கறேன்."

எழுத்துக்கு மரியாதை

பேச்சுத் தேர்வில் நாலு பேரை ஒன்றாக உட்கார வைத்துக் கலந்துரையாடச் சொல்வார்கள். பெயர் சொல்லக் கூடாது. கேண்டிடேட் ஏ, பி, சி, டி என்றுதான் கூப்பிட வேண்டும். நான் புனிதாவை ஏ ஆக்கினேன். பி, அவள் வீட்டுக்குப் பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் சரவணன். வேலை பார்த்துக்கொண்டே மூன்றாவது முறையாகத் தேர்வு எழுத வந்தவன், அவளை விட ஐந்து வயது மூத்தவன். கடிகாரத்தைத் தட்டி, ஆரம்பி என்றேன். புனிதா நிமிர்ந்து உட்கார்ந்து தெளிவாகச் சொன்னாள்: "ஐ அக்ரீ வித் கேண்டிடேட் பி அண்ணன்."

மண்டபமே சிரித்தது, நானும்தான். அப்புறம் தேர்வாளர் முன்னால் இப்படிப் பேசினால் என்ன ஆகும் என்று பத்து நிமிடம் பயமுறுத்தினேன். இனி ஒவ்வொரு அண்ணனுக்கும் ஒரு பக்கக் கட்டுரை தண்டனை என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் விடவில்லை.

"அவர எப்படி டீச்சர் மொட்டையா 'பி'ன்னு கூப்புடறது? நேத்துதான் அவரு காடிய எடுத்து, எங்கம்மாவ அதுல ஏத்தி கிளினிக்குக்கு ஓட்டிட்டுப் போனாரு."

எதிர்த்துப் பேசு

ஆறு வாரத்தில் பதினொரு கட்டுரை சேர்ந்தது. அதற்குள் அண்ணனைக் கொஞ்சம் அடக்கியிருந்தேன். அடுத்த வினை, மறுத்துப் பேசுவது. எல்லாரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் கலந்துரையாடல் எப்படி நடக்கும்? பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வேண்டும் என்று சரவணன் பேசட்டும், வேண்டாம் என்று நீ மறு என்றேன். புனிதா அவன் பக்கம் சாய்ந்து, "கோவிச்சுக்காதீங்கண்ணே" என்று காதோரம் சொல்லிவிட்டு, நிமிர்ந்து "ஐ டிஸக்ரீ" என்றாள்.

அதற்குப் பிறகு நன்றாகவே பேசினாள், மூன்று காரணம் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இப்போது நீ திருப்பித் தாக்கு என்று சரவணனுக்குச் சைகை காட்டினேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அவ சொல்றதுதான் சரி டீச்சர். இதுல நான் என்னத்த எதுத்துப் பேசறது?"

தேர்வு நாள்

போர்ட்டிக்சன் போகும் வழியெல்லாம் அண்ணன் இல்லை, தம்பி இல்லை, அக்கா இல்லை என்று மந்திரம் மாதிரி ஓதிக்கொண்டே காரோட்டினேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு புனிதா பக்கத்தில் தலையாட்டிக்கொண்டே வந்தாள். முடித்து வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது. கூட இருந்த மூவரும் முன்பின் தெரியாதவர்கள். அதில் டி, ஒரு சீனப் பையன், வாயே திறக்கவில்லையாம். இவள் தன் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, தம்பி என்று மலாயில் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள்: "இட்ஸ் ஓகே அடிக், ஸ்லோலி. வாட் டூ யூ திங்க்?" அவனும் பேச ஆரம்பித்திருக்கிறான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் காரைத் திறக்கச் சாவி நுழையவில்லை. மூன்று மாத உழைப்பு! உன் நேரத்தை எவனோ ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தாயா என்று கத்திவிட்டேன். கத்தியதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"அழுதுருவான் போல இருந்துச்சு டீச்சர். பாத்துக்கிட்டு எப்படி சும்மா இருக்கறது?"

முடிவு

முடிவு வந்த காலை செம்பனைக் காட்டுக்குள்ளிருந்தே செல்வி கூப்பிட்டார். "நாலு டீச்சர், நாலு! ஃபேக்டரிக்கு போன் பண்ணி அவ வரமாட்டான்னு சொல்லிட்டேன்லா!" பேச்சில்தான் அதிகப் புள்ளிகளாம். என் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். பேசாதவரையும் பேச வைத்தால் அதற்கும் புள்ளி உண்டு என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை நான் நடத்தவே இல்லை. அண்ணனை விரட்டவே நேரம் சரியாகப் போயிருந்தது.

சரவணனுக்கு இந்தத் தடவையும் ஒரு பேண்ட் குறைந்துவிட்டது. வேறொரு குழுவில் உட்கார்ந்து, வாய் அடைத்துப் போய்விட்டதாம். ஆறுதல் சொல்லலாம் என்று போனேன்.

"புனிதா குரூப்புல எனக்கு ஒரு எடம் கெடைக்காமப் போச்சே டீச்சர்."

இப்போது சனிக்கிழமைகளில் புனிதா விட்டுப்போன நாற்காலியில் நானே உட்கார்ந்து சரவணனோடு கலந்துரையாடுகிறேன், அவன் என்னைக் கேண்டிடேட் ஏ அக்கா என்கிறான், நான் கட்டுரை எதுவும் எழுதச் சொல்வதில்லை.