துப்பாக்கிக்காரி படத்துக்குப் போன ஞாயிறு

அந்தப் படம் எங்கள் ஊரில் நான்கே நாள்தான் ஓடியது. குதிரை, தொப்பி, துப்பாக்கி என்று வரும் பழைய கௌபாய் படங்களையெல்லாம் கிண்டல் செய்து எடுத்த படம். துப்பாக்கி வைத்திருப்பவள் ஒரு பெண். நாயகன் என்று யாரும் கிடையாது. நான் வேலை பார்த்த நல்லூர் பனியன் கம்பெனியில் யாரும் அதைப் பார்க்கவில்லை, ஆனால் எல்லோரும் திட்டினார்கள். பொம்பளை குதிரையில் வந்தால் எவன் பார்ப்பான் என்று எங்கள் சூப்பர்வைசர் கேட்டார். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. அவர் அப்படிச் சொன்னதாலேயே போவதென்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குத் தனியாகப் போனேன். டிக்கெட் கவுண்டர் முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் எங்கள் லைனில் டெய்லர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. நான் செக்கிங். அவள் தைத்து அனுப்புவதில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஒருமுறை கழுத்துப் பட்டியில் தையல் விட்டுப்போன பீஸ்களைக் கட்டாகத் திருப்பி அனுப்பினேன். அவள் எழுந்து வந்து, லைன் முழுக்கக் கேட்கும்படி, புருஷன் மேல் இருக்கிற கோபத்தைத் துணி மேல் காட்டாதீர்கள் என்றாள். நான் புருஷனை விட்டு வந்தவள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதுவரை யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதன் பிறகு அவள் நன்றாகத் தைத்த பீஸ்களிலும் சிலவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கவுண்டரில் இருந்தவர், பத்துப் பேராவது சேர்ந்தால்தான் படம் போட முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் ஆறு பேர்தான். வயதான ஒரு தம்பதி, வடநாட்டு இளைஞர்கள் இருவர், அவள், நான். அவள் விடவில்லை.

"வாசல்ல போஸ்டர ஒட்டி வச்சிருக்கீங்கல்லா? வந்த ஆளத் திருப்பி அனுப்புததுக்கா ஒட்டுனீங்க?"

நானும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டேன். அவளுக்காக அல்ல. எனக்குப் படம் பார்க்க வேண்டும். கடைசியில் அவர் யாருக்கோ போன் செய்துவிட்டு, ஏசி போட மாட்டேன் என்ற நிபந்தனையோடு உள்ளே விட்டார். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால், வேண்டுமென்றே தூணை ஒட்டிய சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

படம் நன்றாக இருந்தது. இப்போதும் சொல்வேன். நாயகன் மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு ஒருவன் வருகிறான். குதிரையிலிருந்து இறங்கும்போது கால் சிக்கிக் கீழே விழுந்து, பத்தாவது நிமிடத்திலேயே செத்துப்போகிறான். அவன் துப்பாக்கியைத்தான் நாயகி எடுத்துக்கொள்கிறாள். அவள் குதிரை, முன்னால் யாராவது சோளத்தட்டைக் காட்டிக்கொண்டு நடந்தால்தான் நகரும். சாராயக் கடைக்குள் அவள் காலடி வைத்ததும் கடையே அமைதியாகிவிடுகிறது. தன்னைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று அவள் தலை நிமிர்ந்து நடக்கிறாள். உள்ளே சமையல்காரன் கறிச்சட்டியைப் போட்டு உடைத்திருக்கிறான். எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசிச் சண்டையில் வில்லன் தன் வம்சத்தின் பெருமையை நீட்டி முழக்குகிறான். பாதிப் பேச்சிலேயே அவள் சுட்டுவிட்டு, மிச்சத்தை மேலே போய்ச் சொல்லு என்கிறாள்.

அந்த இடத்தில் முதலில் சிரித்தது எனக்கு முன்னால் தூணோரம் இருந்தவள்தான். சாதாரணச் சிரிப்பு இல்லை. மூச்சு முட்டி, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நானும் சிரித்தேன். என் சத்தம் கேட்டதும் அவள் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது படப் பேச்சு வந்தது. தியேட்டரில் ஈ ஓட்டுகிறார்களாம் என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றேன். சூப்பர்வைசர் விரலைத் துப்பாக்கி போல என் நெற்றிக்கு நேரே நீட்டி, இந்த ஊரிலேயே அந்தப் படத்துக்குப் போன ஒரே ஆள் நீதான் என்றார். மறுபடியும் சிரிப்பு. அவள் மட்டும் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா?

"நான் மட்டுமில்லீங்க. இவங்களும் வந்திருந்தாங்க. மொதல்ல சிரிச்சதே இவங்கதானுங்க."

அவள் நிமிர்ந்தாள். "நான் எங்கயும் போகல. ஞாயித்துக்கெழம நான் வேற சோலியா இருந்தேன்."

அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் முக்கியம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"ஏனுங்க, பொய் சொல்றீங்க? டிக்கெட் தர்ற எடத்துல சண்டை போட்டதே நீங்கதானுங்களே. மஞ்சச் சுடிதாரு போட்டிருந்தீங்க."

வாய் நிறைய மரியாதையோடுதான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் மரியாதையோடேயே ஒருவரைக் குத்திக் கிழிக்க முடியும். அவள் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனாள்.

கம்பெனியில் அவசர வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு அவள் படத்துக்கு வந்திருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். எங்களோடு சாப்பிட்டவர்களில் ஒருத்தி அவள் குடியிருந்த லைன் வீட்டு வரிசையிலேயே குடியிருந்தாள். பேச்சு அன்று மாலையே அவள் புருஷனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

புதன்கிழமை மதியம் அவன் கம்பெனி கேட்டுக்கு வந்தான். சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவன். விரல்களில் நீலம் ஏறியிருந்தது. அவளை வெளியே கூப்பிட்டு, எவன்கூடப் போனாய் என்று கேட்டான். அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் போனைப் பிடுங்கி ரோட்டில் அடித்தான். வாட்ச்மேன் வேடிக்கை பார்த்தார். சூப்பர்வைசர் உள்ளே போய்விட்டார். மாடிப்படியில் நின்றிருந்த நான் இறங்கிப் போனேன்.

"அவங்க தனியாத்தான் வந்தாங்க. நானும் அங்கதான் இருந்தனுங்க. கூட யாரும் வரலீங்க" என்றேன்.

அவன் பதில் சொல்வதற்கு முன் அவள் திரும்பினாள்.

"நீ வாயத் தொறக்காத. நீ பேசுனது போதும்."

அதுவரை சண்டையில்கூட அவள் என்னை 'நீங்க' என்றுதான் சொல்லியிருந்தாள்.

ஒரு வாரம் வேலைக்கு வந்தாள். வலது கையில் கட்டு இருந்தது. அந்த வாரம் அவள் பீஸ் ஒன்றைக்கூட நான் திருப்பவில்லை. அவளுக்கு அது புரிந்தது. சில பீஸ்களில் அவளே குறை காட்டும் ஸ்டிக்கர் ஒட்டி என் மேஜையில் எறிந்துவிட்டுப் போனாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு பெருமாநல்லூரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம்.

சில மாதம் கழித்து அந்தப் படம் போனில் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் எங்கள் லைன் பெண்கள் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். இவ்வளவு நல்ல படம் ஏன் ஓடவில்லை என்று சூப்பர்வைசரே கேட்டார். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அவர்கள் எல்லோர் மேலும் வெறுப்பாக இருந்தது. என் மேலும்தான்.

போன வைகாசியில் சொந்தக்காரர் வீட்டுச் சீர் ஒன்றுக்காகப் பெருமாநல்லூர் போனபோது பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். தோளில் பை, கழுத்தில் புதுக் கம்பெனி அட்டை. அருகில் போனேன். அன்று சொன்னது தப்பு, அதற்கு முன் பீஸ்களைத் திருப்பியதும் தப்பு என்றேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்தாள்.

"அவன விட்டு வந்ததுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அத உங்க கணக்குல சேர்த்துக்கிடாதீங்க" என்றாள். "அந்தப் படத்த மட்டும் திரும்பப் பார்க்கணும்னு போட்டுப் பார்த்தேன். உங்க மூஞ்சிதான் வருது. நிறுத்திட்டேன்."

பஸ் வந்தது. எனக்கும் அதே பஸ்தான். அவள் ஏறினாள். நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.