வெறுந்தலை ராஜா

செஞ்சிக் கோட்டைக்குப் போகும் வழியில், டிக்கெட் கவுண்டருக்கு எதிரே ஒரு புங்கமரம் நிற்கிறது. அதன் நிழலில்தான் காத்தாயி கிரீடம் வாடகைக்கு விடுகிறாள். தெருக்கூத்துக்காரர்களிடம் வாங்கிய கிரீடம். கண்ணாடிக்கல்லும் ஜிகினாவும் பதித்தது. கூடவே ஒரு அட்டை வாள், ஒரு சரிகைச் சால்வை. மலையைப் பின்னால் வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தர வேண்டியதுதான். குடும்பமாக வந்தால் கிரீடம் புருஷன் தலைக்கு. பெண்டாட்டி கைப்பையோடு பக்கத்தில் நிற்பாள். யாரும் சொல்லி வந்த வழக்கமில்லை.

காத்தாயி அதிகம் பேசமாட்டாள். வருகிறவன் தலைமுடியைத் தடவிக்கொள்கிற விதத்திலேயே கிரீடத்துக்கு மயங்குவானா என்று கண்டுகொள்வாள். முந்தானையால் கிரீடத்தை ஒரு துடை துடைத்து, அதன் பளபளப்பு அவன் கண்ணில் அடிக்கும்படி திருப்பி வைப்பாள். அவ்வளவுதான் விளம்பரம். இதற்கு முன் வல்லத்தில் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிக்குக் களை வெட்டியவள். அவள் முதுகு இன்னும் அதை மறக்கவில்லை.

எதிர்வெயிலில் ஒரு குடையை நட்டுத் தொப்பி விற்கும் துரைக்கண்ணுவுக்கு அந்த நிழல்மேல் வெகுநாளாகக் கண். ஒருநாள் தொப்பி வாங்கிய வெள்ளைக்காரர் ஒருவர், ஞாபகார்த்தமாக ஓர் ஆஸ்திரேலிய நாணயத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் அந்த நாட்டு ராஜாவின் முகம். நன்றாக வாரிய தலை. அதன்மேல் ஒன்றும் கிடையாது. துரைக்கண்ணுவுக்கு அது போதும். கிரீடத்தின் பக்கம் ஒதுங்கிய ஆண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

"நெச ராஜாவே வெறுந்தலையா இருக்காரு சார். கிரீடம் கூத்தாடிங்க கட்றது."

கிரீடத்துக்கு நீண்ட கைகள் பிடரியைச் சொறிந்துகொண்டு தொப்பிப் பக்கம் போயின. பொங்கல் விடுமுறை நெருங்கியது. அந்தக் கூட்டத்திலும் கிரீடம் போணியாகாவிட்டால் மறுபடியும் களைவெட்டுதான். துரைக்கண்ணு ரொம்ப அக்கறையாக வந்தான்.

"யக்கா, வல்லத்துக்குப் போறதுன்னா முன்னாடியே சொல்லிடு. குடைய இப்டி நவுத்திக்கிறேன்."

காத்தாயி காலை நீட்டி இன்னும் கொஞ்சம் நிழலைப் பிடித்துக்கொண்டாள்.

மாட்டுப்பொங்கலன்று, மெல்போர்னில் வேலை பார்க்கும் அனந்தபுரத்துக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். துரைக்கண்ணு வழக்கம்போல நாணயத்தை நீட்டினான். அவர் சிரித்து, இது மகன், இதற்கு முன் இவருடைய அம்மாதான் எல்லாக் காசிலும் என்று சொல்லி, பையிலிருந்து சில்லறையை அள்ளினார். காத்தாயி எழுந்துவந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றில் கல் பதித்த வட்ட மகுடம். இன்னொன்றில் நெற்றிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் வேறொன்று. காசுக்குக் காசு அந்த அம்மாவுக்கு வயது ஏறியது, கழுத்து சுருங்கியது. தலை மட்டும் காலியாக இல்லை.

அம்மாவுக்குக் கிரீடம் உண்டு, மகனுக்கு இல்லை. காத்தாயிக்கு அந்த ஊர் நியாயம் பிடிபட்டுவிட்டது. ஒரு கையில் காசும் மறு கையில் கிரீடமுமாக அவர் மனைவியிடம் போனாள்.

"அந்த ஊர்ல கிரீடம் பொம்பளைக்குத்தாம்மா. காசுலயே போட்டிருக்குது, பாரு."

கணவர் திருத்துவதற்கு வாயைத் திறந்தார். மனைவி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டு கைப்பையை வாங்கிக்கொண்டார்.

போகும்போது சில்லறையோடு ஓர் ஐந்து டாலர் நோட்டையும் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நோட்டிலும் அதே அம்மா. முத்துமாலை, இளஞ்சிரிப்பு, அழகாகச் சீவிய முடி. தலையில் ஒன்றுமில்லை.

காத்தாயி ஓரக்கண்ணால் துரைக்கண்ணுவைப் பார்த்தாள். அவன் தொப்பிகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். நோட்டு அவளுடைய சுருக்குப்பைக்குள் போனது. அன்று சாயங்காலமே அதைக் கிரீடத்தின் உள்துணிக்கு அடியில் வைத்துத் தைத்துவிட்டாள்.

காணும் பொங்கலன்று காசுகளை ஓர் அட்டையில் ஒட்டி மரத்தில் மாட்டினாள். பெண்கள் வரிசை டிக்கெட் கவுண்டர்வரை நீண்டது. பக்கத்திலேயே கைப்பை ஏந்திய புருஷன்மார் வரிசை. துரைக்கண்ணுவுக்குச் சோறு கொண்டுவந்த அவன் மனைவி ஷோபனா, தூக்கை வைத்துவிட்டு அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் வரிசையில் போய் நின்றாள்.

"உனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?" என்றான் துரைக்கண்ணு.

"நீதான ஊருக்கெல்லாம் காசக் காட்டினு இருந்த. வந்து நில்லு." அவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினாள். "ராஜா வெறுந்தலையாத்தான் நிக்கணும்."

கிரீடம் ஏறியதும் ஷோபனா தலையை ஆட்டிப் பார்த்தாள். "யக்கா, உள்ள இன்னாவோ மொடமொடங்குது."

"புதுத்துணிம்மா," என்றாள் காத்தாயி.

போனைக் கையில் வாங்கிக்கொண்டு, உச்சிவெயிலில் கண் கூசிக்கொண்டு நின்ற துரைக்கண்ணுவைப் பார்த்தாள்.

"தம்பி, இப்டி நெழலுக்குள்ள வா. படம் நல்லா வரும்."