வெள்ளைக் கைக்குட்டையும் ரப்பியா கயிறும்

கொடியில் காய்ந்த என் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து வரச் சொன்னேன். சின்னவள் கையால் தொடாமல் குச்சியால் தள்ளிக் கூடையில் விழ வைத்தாள். பெரியவனும் அதைத் தொடுவதில்லையாம், உங்கள் அம்மா சொன்னாள். அப்பா சவ வண்டியில் வேலை செய்கிறேன், அந்தத் துணி என் கறுப்புக் கோட்டின் நெஞ்சுப் பையில் இருப்பது, அதனால் பயம். பிள்ளைகளே, உங்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. உங்களைவிட நான் அதிகம் பயந்தவன்.

தோள் வலியில் எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்ட முடியாமல் போன பிறகுதான் சிரம்பான் டவுனில், சவ அடக்கம் செய்துகொடுக்கும் கடையில், இந்த வேலைக்குப் போனேன். முதலாளியம்மா என்னைவிட வயதில் சின்னவர். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு வீட்டில் பிணத்தின் எதிரே மூக்கைப் பொத்தினாராம். அன்றைக்கே அனுப்பிவிட்டாராம். இதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்தார்.

தோட்டத்தில் பாம்பைக் கண்டு நான் ஓடியதில்லை. ஆனால் பிணம் என்றால் வேறு. என் அப்பா இறந்தபோதே உள்ளே போகாமல் வெளியில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவன் நான். இந்த வேலையும் போனால் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம், பிணத்தைத் தொட வேண்டுமே என்ற பயம் ஒரு பக்கம்.

கைக்குட்டையில்கூட முதலில் தப்பு செய்தேன். பளபளவென்று பட்டில் ஒன்று வாங்கிப் போனேன். பட்டு கல்யாண வீட்டுக்கு, பைக்குள்ளே வழுக்கி இறங்கிவிடும், நமக்குப் பருத்திதான், வெள்ளைதான் என்றார் முதலாளியம்மா. கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, பையின் அகலத்துக்கு ஓரத்தை உள்ளே தள்ள வேண்டும். பிறகு அடிப்பக்கத்தைத் தூக்கி மடித்தால் பைக்குள் நிற்கும். வெளியே ஒரு விரல் அகலம் நேர்கோடாகத் தெரிந்தால் போதும். புதுக் கோட்டின் பை தைத்து மூடியிருக்கும், அது எனக்குத் தெரியாது. பிளேடால் பிரிக்கும்போது கை தவறிக் கோட்டில் ஒரு கீறல் விழுந்தது. இன்றும் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தத் துணியில் முகம் துடைக்கக் கூடாது.

முதல் சாவு வீடு ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. காலை பத்து மணி இருக்கும். நானும் வேன் ஓட்டும் தம்பியும் சவப்பெட்டியை இறக்கினோம்.  உள்ளே சாம்பிராணி. அதற்கு அடியில் வேறொரு வாடை. பெரியவர் பாயில் கிடந்தார். கால் எங்கள் பக்கம்.

தோட்டத்தில் மருந்தடிக்கும்போது கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டிக்கொள்வோம். இருபது வருடப் பழக்கம். கை தானாக நெஞ்சுக்குப் போனது. வெள்ளைத் துணியை உருவி மூக்குக்கு நேரே கொண்டுபோய்விட்டேன். அப்போதுதான் அவருடைய மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். துணியைத் திருப்பி வைக்கவும் முடியவில்லை, மேலே கொண்டுபோகவும் முடியவில்லை. வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அந்தம்மா என் கையைப் பார்த்தார்.

“காலு கட்டவா அண்ணே? நல்லதுலா. அவசரத்துல ரப்பியா கயித்துல கட்டிட்டாங்க. அத அவுத்துடுங்க, அவருக்கு வலிக்கும்.”

இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து, சந்தையில் கீரைக்கட்டு கட்டும் அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். தோலில் பதிந்திருந்தது. நான் மண்டி போட்டேன். முடிச்சில் நகம் ஏறவில்லை. ஒரு கையால் பாதத்தைப் பிடித்தால்தான் அவிழ்க்க முடியும். பிடித்தேன். அந்தக் குளிர் என் முழங்கை வரைக்கும் ஏறியது. வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இடது கட்டைவிரல் நகம் கறுத்து நசுங்கியிருந்தது. குலை விழுந்த நகம். எனக்கும் அதே விரலில் அப்படித்தான் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் பயம் போகவில்லை. ஆனால் கையை எடுக்கவில்லை.

மடித்த கைக்குட்டையை உதறி, மூலைக்கு மூலை சுருட்டி, வலிக்காத மாதிரி கட்டினேன்.

திரும்பி வரும்போது வேனில் அந்தத் தம்பி, “அண்ணே, நீங்க எதுக்கு எடுத்தீங்கன்னு நான் பாத்தேன். சொல்ல மாட்டேன்,” என்றான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. 

முதலாளியம்மா காலிப் பையைத்தான் முதலில் பார்த்தார். நானே எல்லாவற்றையும் சொன்னேன், மூக்குவரை கொண்டுபோனதையும் சேர்த்து.  

“நாளைலேருந்து ரெண்டா கொண்டாங்கண்ணே,” என்றார்.

அதனால்தான் கொடியில் எப்போதும் இரண்டு, மூன்று தொங்குகின்றன. ஒன்று நெஞ்சில், ஒன்று உள்பையில். சின்னவளே, நீ குச்சியால் தள்ளியது யாரையும் தொட்ட துணி இல்லை. இறந்தவர்களைத் தொட்டது அவர்களோடேயே போய்விடும், வீட்டுக்கு வராது.

எனக்குப் பயம் முழுதாக விடவில்லை. காலையில் கோட்டைப் போட்டதும் கை நடுங்குகிறது, கடைசி மடிப்பு கோணலாகிவிடுகிறது. நாளைக்கு ஏழு மணிக்கு ஒரு வீடு இருக்கிறது. முடிந்தால் அந்த மடிப்பை மட்டும் நீ மடித்துக் கொடு.